வாய்க்கட்டு

சங்குமுனை விரிகுடாவின் சிப்பிகளுக்கு அன்று காலை அகோரப் பசி. மதிப்பீட்டு நிலையத்துச் சுவரில் இருந்த கணிப்பியின் திரையில் பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறி, மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. இதுவரை எந்த விரிகுடாவும் இவ்வளவு தின்றதில்லை என்று கணிப்பியே ஒரு பாராட்டை எழுதி, அதன் கீழே இரண்டு கைகள் தட்டுவதுபோல ஒரு படத்தையும் ஓடவிட்டிருந்தது. இயந்திரத்துக்குக் கைதட்டச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கித்தேரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது, தலை வாரவில்லை. முந்தாநாள் இறந்துபோன அவளுடைய அண்ணன் கயத்தான் வீட்டில் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தார். இந்த நேரத்தில் அவள் நிலையத்துக்கு வந்திருக்கவே வேண்டாம். ஆனால் அவள் கைப்பேசி விடிந்ததிலிருந்து "சாதனை, சாதனை" என்று கூவிக்கொண்டே இருந்தது. சாவு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். மதிப்பீட்டாளர் என்ற முறையில் அவளுக்கு வரும் அந்த அறிவிப்பை நிலையத்தில்தான் அணைக்க முடியும். அணைத்துவிட்டுப் போகத்தான் வந்தாள்.

இந்தப் பசிக்கு எதற்குச் சாதனை என்று பெயர் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆற்றின் மேலே மேட்டுநகரம் இருந்தது. நகரத்தார் கழித்ததும், அவர்களுக்காக விளைந்த வயல்களில் பயிர் உண்ணாமல் விட்ட உரமும் ஆற்றோடு வந்து விரிகுடாவில் இறங்கும். உப்புநீரில் தழைச்சத்து மிஞ்சினால் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிகோடியாகப் பெருகும். பெருகியது செத்து அழுகும்போது தண்ணீரிலிருக்கும் உயிர்க்காற்றை எல்லாம் குடித்துவிடும். பிறகு அங்கே மீன் இருக்காது. சங்குமுனையில் மீன் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

சிப்பி அந்தப் பாசியைத் தின்னும். தின்றது சதையாகும். சதையைக் கரையேற்றினால் அந்த அளவுக்குத் தழைச்சத்தும் கடலைவிட்டுக் கரையேறிவிடும். இதுவரைக்கும் நல்ல கதைதான். ஆனால் நகரத்துப் பெரிய மனிதர்கள் இதைக் கேட்டதும் வேறு ஒன்றைக் கேட்டார்கள். சிப்பி எவ்வளவு எடுக்கிறது என்று துல்லியமாக மதிப்பிட முடிந்தால், அவ்வளவையும் நாங்கள் கூடுதலாக ஆற்றில் விடலாம் அல்லவா? சுத்திகரிப்பு நிலையம் எதற்கு, சிப்பி இருக்கிறதே!

அப்படிப் பிறந்ததுதான் வாய்மானி. நெல்மணி அளவுக்கு ஒரு சிவப்பு மணி. சிப்பி வளர்க்கக் கடலில் தொங்கவிட்ட ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கைப்பிடிச் சிப்பிகளின் ஓட்டில் அதை ஒட்டியிருப்பார்கள். சிப்பி வாயைத் திறந்தால் தின்கிறது; எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் என்று பார்த்து, எவ்வளவு சத்தை உறிஞ்சியது என்று கணிப்பி கணக்கிடும். முன்பு தண்ணீரை அளக்கத் தனிக் கருவிகள் இருந்தன. அவற்றில் பாசியும், பாறையில் ஒட்டும் கொட்டலசும் படிந்து சீக்கிரமே குருடாகிவிடும். சிப்பிதான் குருடாகாத கருவி என்று, மதகுக்குப் பொறுப்பான சமன்நீர் வாரியம் அவற்றைக் கழற்றி எறிந்தது. கணிப்பி சொல்லும் அளவுக்கு, ஆற்று முகத்தில் கழிவுநீரைத் தடுத்து நிற்கும் சமன்மதகு தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். நடுவில் மனிதக் கை கிடையாது. முன்பு வாரியத்தாரின் கைகள்தான் மதிப்பீட்டை இஷ்டத்துக்கு உயர்த்திக்கொண்டிருந்தன; அதனால் 'கை படாத மதிப்பீடு' வேண்டும் என்று ஊரே தெருவில் உட்கார்ந்து போராடி வாங்கியது. கித்தேரியும் உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டும் படத்தை அணைத்துவிட்டு அவள் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒன்று இடித்தது. அண்ணன் செத்ததே சிப்பி தின்றுதான்.

சங்குமுனையில் சிப்பி வளர்க்கும் கயிற்றுக்காரர் முதல் சட்டியைத் தின்றுகாட்டிய பிறகுதான் சரக்கு வண்டியில் ஏறும். அது ஊர் மானம். முந்தாநாள் காலையில் கயத்தான் அப்படித்தான் தின்றார். "ஒதடு மரமரன்னு வருது, கிள்ளிப் பாருங்கல" என்று சிரித்தார். உச்சிவேளைக்குள் கை விழுந்தது, நாக்கு விழுந்தது, கடைசியில் மூச்சும் நின்றது. மழைக்குப் பிறகு மதகு திறந்ததில் விரிகுடாவில் நச்சுப்பாசி பூத்திருக்கிறது, அது சிப்பிக்குள் சேர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். மனிதனைக் கொல்லும் அளவுக்குப் பூத்திருக்கும் தண்ணீரில் சிப்பிக்கு மட்டும் என்ன இவ்வளவு பசி?

நிலையத்துப் படித்துறையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கித்தேரி முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை இழுத்தாள். கயிறு மேலே வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. அத்தனை சிப்பியும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ். சில ஓடுகளில் அதுவும் இல்லை. சிவப்பு மணி ஒட்டிய ஒன்றை விரலால் தட்டினாள். உயிருள்ளது என்றால் சட்டென்று மூடிக்கொண்டிருக்கும். அது அப்படியே பிளந்து கிடந்தது. உயிருள்ள சிப்பியால் அவ்வளவு அகலமாகத் திறக்கவே முடியாது.

மற்ற நாளாக இருந்தால் கயிற்றுக்காரர்கள் காலையிலேயே போய், செத்ததைப் பிடுங்கி எறிந்து, அதிலிருந்த மணியை உயிருள்ள ஒன்றுக்கு மாற்றியிருப்பார்கள். பல் விளக்குவதுபோல அது அவர்களுக்கு அன்றாட வேலை. அதனால் செத்த சிப்பியின் வாயை வாய்மானி அதிக நேரம் பார்த்ததே இல்லை; அதைப் பற்றி வாரியத்தில் யாரும் யோசித்ததும் இல்லை. இப்போது முந்தாநாளிலிருந்து ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. ஊரில் பிரேதம் கிடக்கும்வரை வள்ளம் இறங்கக்கூடாது என்பது சங்குமுனை வழக்கம். பழைய காலத்தில் பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். இப்போது குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. கயத்தானின் மகன் லெயோன் எங்கோ ஒரு கப்பலில் இருந்தான். அவன் வந்து அப்பன் முகத்தைப் பார்க்க நாளை உச்சிப்பொழுது ஆகும்.

ஊர் துக்கம் காத்தது. சிப்பிகள் செத்தன. செத்தவை வாயைத் திறந்தன. திறந்த வாயைப் பார்த்து மதகு இன்னும் ஏறியது. ஏறிய மதகின் வழியே வந்தது மிச்சத்தையும் கொன்றது.

மிச்சம் என்று ஒன்றுதான் இருந்தது, வடகோடியில் தாய்ப்பாத்தி. பாறை இடுக்கில் முதிர்ந்த சிப்பிகள் கொத்துக்கொத்தாகப் பிடித்துக் கிடக்கும். விரிகுடாவின் கயிறுகளுக்கெல்லாம் குஞ்சு அங்கிருந்துதான் வரும். அங்கேயும் சில மணிகள் ஒட்டியிருந்தன; திரையில் அந்தப் பாத்தியின் கோடு மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. திறப்பதும் மூடுவதுமாக, உயிருள்ளவை நடுங்குகிற நடுக்கம். மற்றக் கோடுகள் எல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தன. ஆற்றுத் தண்ணீர் வடகோடிக்கு முழு வேகத்தில் போய்ச் சேர இன்னும் ஒரு நாள் பிடிக்கும். அதற்குள் மதகை மூடாவிட்டால் தாய்ப்பாத்தி போய்விடும். அது போனால் பிறகு குஞ்சு இல்லை, கயிறு இல்லை, சங்குமுனைக்குப் பிழைப்பு இல்லை. மீன் போனபோது சிப்பி இருந்தது. சிப்பியும் போனால் வேறெதுவும் இல்லை.

வாரியத்து அதிகாரி பரஞ்சோதியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

"மேடம், அண்ணன் விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. லீவ்ல இருங்க மேடம், இங்க எல்லாம் பிரமாதமாப் போகுது."

"பரஞ்சோதி, சிப்பி எல்லாம் செத்துக் கிடக்கு. மதகை மூடுங்க."

"செத்திருந்தா அளவு எறங்கணுமே மேடம்? ஏறிக்கிட்டுல்ல இருக்கு."

"செத்தா வாய் தானாத் திறந்துக்கும். அதத் தின்னுதுன்னு நினைச்சுக்குது. கோட்டப் பாருங்க, நடுக்கமே இல்ல."

"கோட்டை யாரும் பாக்கறதில்ல மேடம். கணிப்பி மொத்தத்தத்தான் பாக்குது." மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். நான் இங்கேருந்து ஒரு புள்ளியக்கூட மாத்த முடியாது. மாத்துனா ஜெயில். நீங்கல்லாம் போராடிக் கொண்டுவந்த சட்டம்தானே மேடம்?"

"தெரியும்."

"நேர்சோதனைக்கு ஒரு மனு போடுங்க. அடுத்த வாரம் ஆள் அனுப்பச் சொல்றேன்."

அவள் மனுவைப் போட்டாள். போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

பந்தலில் ஊர் கமிட்டித் தலைவர் சூசை பர்னாந்து உட்கார்ந்திருந்தார். கித்தேரி சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஏட்டி, பிரேதத்த ஊர்ல வச்சிக்கிட்டு எவன்ட்டி கடல்ல எறங்குவான்? அதுவும் ஒங்க அண்ணன். நீ சொல்லலாமா இத?"

"நாளைக்கு எறங்கி என்ன செய்யப் போறிய? தாய்ப்பாத்தி இருக்காது."

"பெறவு மதகப் போயி ஒடைப்போம்."

"முள்வேலி தாண்டி நாலு பேரு உள்ள போயிப் பாத்தாச்சு. இன்னும் ஜெயில்லதான் இருக்காவ."

உள்ளேயிருந்து கயத்தானின் மனைவி அமலி கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர்ப்பெட்டியின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்து இரண்டு நாளாகிறது. தண்ணீர் குடித்தாளா என்பதே சந்தேகம். "கயித்த எல்லாம் அறுத்துக் கரையில போட்டா என்ன?" என்றாள்.

"தண்ணிய விட்டு வெளிய வந்தா அறுவடைன்னு எழுதிக்கிடும் மதினி. தின்னதுக்கு மேலயே கணக்கு ஏறும். இன்னும் தொறக்கும்."

"அந்தச் செவப்பு மணிய மட்டும் பிச்சிப் போட்டா?"

"அதுவும் அறுவடதான். ஒடனே உசிருள்ள ஒண்ணுல ஒட்டுனாத்தான் சும்மா இருக்கும்."

"என்ன எழவு மெசின்ட்டி இது! செத்ததச் செத்துப்போச்சுன்னு சொன்னா வெளங்காதா அதுக்கு?"

கித்தேரி உள்ளே போனாள். பெட்டிக்குள் அண்ணனைப் பார்த்தாள். முகவாய்க்குக் கீழே வெள்ளைத் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சிட்டிருந்தது. உயிர் போனதும் வாய் திறந்துகொள்ளும், விறைப்பதற்குள் கட்டிவிட வேண்டும் என்று அந்தத் துணியைக் கிழித்துக் கட்டியவளே அவள்தான். அவசரமாகக் கட்டியதில் முடிச்சு கோணலாக விழுந்திருந்தது.

"வாயக் கட்டணும்," என்றாள்.

"யாருக்கு?"

"சிப்பிக்கு. செவப்பு மணி உள்ள சிப்பி எல்லாத்துக்கும். மூடுன வாய் தின்னாதுல்லா? கணக்கு எறங்கிரும். மதகு மூடிரும்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே பாதியில் நிறுத்திக்கொண்டார். சூசை பர்னாந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தார். "சரிதான். ஆனா பிரேதம்..." என்று இழுத்தார். அவர் அமலியைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அடுத்தது என்ன என்று தெரிந்திருந்தது. அதை வாய்விட்டுக் கேட்கும் துணிச்சல்தான் யாருக்கும் இல்லை.

அமலி புருஷனின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். "லெயோன் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்," என்றாள். "எடுங்க."

"மதினி, வேண்டாம். அவன் அப்பா மொகத்தப் பாக்கணும்னுதான..."

"அவன் கப்பல்ல கெடந்து கஷ்டப்படுததே இங்க திரும்பி வந்து கயிறு கட்டணும்னுதான். கயிறே இல்லாத ஊருக்கு அவன் எதுக்குட்டி வரணும்? எடுங்கன்னா எடுங்க." பிறகு குரல் இறங்கியது. "மொகத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்துத் தா. அந்தக் கட்ட அவுத்துட்டு எடு. கட்டோட பாத்தாம்னா தாங்கமாட்டான்."

கித்தேரி கோணல் முடிச்சை அவிழ்த்தாள். வாய் திறக்கவில்லை, விறைத்துவிட்டிருந்தது. தூங்குகிற மாதிரியே இருந்தார். படம் எடுத்தாள். அது மங்கலாக வந்தது, திரும்பவும் எடுத்தாள். இந்த இரண்டு நாளும் கப்பலிலிருந்து லெயோன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "அப்பாவ எடுத்துராதிய அத்த, நான் வந்துருதேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் துரோகம் செய்கிறோம் என்று தெரிந்தேதான் அவள் செய்தாள்.

அடக்கம் அவசரமாக நடந்தது. உபதேசியார் ஜெபத்தைப் பாதி விழுங்கினார். ஆளுக்கொரு பிடி மண் போட்ட கையோடு ஊர் கடற்கரைக்கு வந்தது. துக்கச் சேலையோடு பெண்களும் வள்ளத்தில் ஏறினார்கள். வலை பின்னும் நைலான் நூல் கண்டுகண்டாக வந்தது. போதாதபோது பழைய வேட்டிகளைக் கிழித்தார்கள்.

அப்படி ஒரு வேலையைச் சங்குமுனை அதற்கு முன் செய்ததில்லை. கயிற்றைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கக்கூடாது. கழுத்தளவு நீரில் தொங்கிக்கொண்டு, கூழாய்ப்போன சிப்பிகளுக்கு நடுவே சிவப்பு மணியைத் தேடி, பிளந்த ஓடுகளை விரலால் சேர்த்துப் பிடித்து, இரண்டு சுற்று சுற்றி முடிச்சிட வேண்டும். நாற்றத்தில் குடல் வெளியே வந்தது. ஓட்டின் விளிம்பு கையை அறுத்தது. "இதுவளுக்கும் ஒரு பூசை வைக்கச் சொல்லுவோமா சாமியார்ட்ட?" என்று சூசை பர்னாந்து கேட்டபோது பக்கத்து வள்ளத்தில் ஒரு பெண் ஓவென்று அழுதாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அமலி நிமிராமல் கட்டிக்கொண்டே போனாள். புருஷன் கயிறுகள் முழுவதையும் அவளே கட்டினாள், வேறு யாரையும் தொடவிடவில்லை.

கித்தேரி கையில் கட்டியிருந்த சின்னத் திரையைப் பார்த்தபடி வள்ளத்துக்கு வள்ளம் மாறினாள். பச்சைக் கோடு முதலில் அசையவே இல்லை. பிறகு மனமில்லாமல் கொஞ்சம் இறங்கியது. பிறகு படிப்படியாக இறங்கி, வெயில் தாழ்ந்தபோது தரையைத் தொட்டது. ஆற்று முகத்திலிருந்து இரும்பு உரசும் ஓசை கேட்டது. மதகு இறங்கியது. கடலில் நீண்டு கிடந்த பழுப்புப் பட்டை மெலிந்து, அறுந்து, நின்றுபோனது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. நனைந்த துக்கத் துணியோடு வள்ளங்களில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இருட்டுவதற்குள் அவள் வடகோடிக்குப் போய்த் தாய்ப்பாத்தியைப் பார்த்தாள். பாறை இடுக்கில் கையை விட்டாள். சிப்பிகள் இறுக மூடியிருந்தன. ஒன்றை நெம்பிப் பார்த்தாள், நகம்தான் பிய்ந்தது. செத்தது இப்படி மூடாது. கெட்ட தண்ணீர் வந்ததும், உயிரோடிருப்பவை பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டு அது போகட்டும் என்று காத்திருந்தன. சில நாள் அப்படி இருக்க அவற்றால் முடியும். தண்ணீர் தெளிந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அங்கேயே பாறையில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை அவளை எழுப்பியது அதே இரும்பு ஓசை. கைப்பேசி கூவவில்லை, பரஞ்சோதியே கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம், உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு கூப்பிட்டேன். சங்குமுனைக்குத் 'தூய விரிகுடா'ச் சான்று வந்தாச்சு! முதல் விரிகுடா நம்மளுதுதான்."

"என்ன சொல்றீங்க?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு சிப்பிகூட வாயத் திறக்கல மேடம். கயிறு, பாத்தி எல்லாம் ஒரே மாதிரி. கணிப்பி ராத்திரி பூரா அதப் பாத்துட்டு முடிவு பண்ணிருச்சு. தின்ன ஒண்ணும் இல்லன்னாத்தானே சிப்பி வாய மூடும்? தண்ணி அவ்வளவு சுத்தமாயிடுச்சு."

அவன் சொன்னது தவறில்லை. தீனி இல்லாத தெளிந்த தண்ணீரில் சிப்பி வாயை மூடிக்கொள்ளும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். வடக்கத்தி விரிகுடாக்களில் ஆண்டுதோறும் அதைப் பார்த்துப் பார்த்துக் கணிப்பி தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சந்தேகம் வந்திருக்கக்கூட இடமில்லை. செத்தவற்றின் வாயை ஊர் கட்டியிருந்தது. உயிருள்ளவை தாங்களே மூடிக்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரே சாட்சி சொல்லியிருந்தன.

"அப்ப மதகு ஏன் தொறக்குது பரஞ்சோதி?"

"சிப்பி பட்டினி கிடக்குதே மேடம்! இப்படியே விட்டா செத்துரும்னு கணிப்பி சொல்லுது. அதுங்க நல்லதுக்குத்தான். முழுசாத் திறந்து விட்டிருக்கு. வரம்பு எடுத்தாச்சு."

"மூடுங்க. உங்க கால்ல விழறேன், மூடுங்க. நாங்கதான் கட்டி வச்சிருக்கோம். நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கோம்."

"கட்டி வச்சிருக்கீங்களா?" அவனுக்குப் புரியவில்லை, புரிந்தபோது குரல் தாழ்ந்தது. "மேடம், இத என்கிட்ட சொல்லாதீங்க. மதிப்பீட்டுல கை வச்சதா ஆயிடும். ஊரோட உள்ள போட்டுருவாங்க. நான் கேக்கவே இல்ல." பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அவசரமாக இன்னொன்றையும் சொன்னான். "நல்லதும் இருக்கு. கடல்தண்ணியக் குடிதண்ணியாக்கற ஆலையை, பாசிக்குப் பயந்து மூடிவச்சிருந்தாங்கள்ல, அதை இன்னைக்குத் திறக்கறாங்க. நகரத்துக்கு உங்க விரிகுடாத் தண்ணிதான். முதல் வடிகட்டல்கூட வேண்டாம்னுட்டாங்க. சிப்பி சுத்தம் பண்ணின தண்ணியில்ல?"

"உங்க வீட்டுக்கும் வருமா?"

"எங்க தெருவுக்குத்தான் முதல்ல."

"குடிக்காதீங்க," என்றாள் அவள். "பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க. எங்க அண்ணன் அந்தத் தண்ணிச் சிப்பியத் தின்னுதான் செத்தார்."

பரஞ்சோதி சங்கடமாகச் சிரித்தான். "குடிக்கலாம்னு சிப்பியே சொல்லிருச்சே மேடம்," என்றான். பிறகு யாரோ அழைக்கிறார்கள் என்று வைத்துவிட்டான்.

அவள் கடற்கரைக்கு ஓடி வந்தபோது பழுப்பு நீர் ஆற்று முகத்தை நிறைத்துக்கொண்டு நுரையோடு வந்துகொண்டிருந்தது. நேற்றுக் கண்டதைப் போலப் பல மடங்கு. அது வடகோடிக்குப் போக இனி ஒரு நாள் பிடிக்காது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. அமலி ஏற்கனவே வள்ளத்தில் ஏறி, நூலை அறுக்கும் கத்தியைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஏட்டி, தொறந்துட்டானே! கட்டுனதத் திருப்பி அவுக்கணுமா? சொல்லு, அவுத்துருவோம்."

கித்தேரி யோசித்துப் பார்த்தாள். அவிழ்த்தால் செத்த வாய்கள் திறக்கும். தின்கிறது என்று மதகு திறந்திருக்கும். அவிழ்க்காவிட்டால் பட்டினி என்று திறந்திருக்கும். கரையேற்றினால் அறுவடை என்று திறந்திருக்கும். நாளைக்குத் தாய்ப்பாத்தியும் செத்து வாயைப் பிளக்கும்போது, தீனி போட்டது நல்லதாயிற்று என்று கணிப்பி சந்தோஷப்படும். திரையில் மறுபடியும் கைகள் தட்டும். செத்துவிட்டேன் என்று ஒரு சிப்பி அந்த இயந்திரத்திடம் சொல்ல ஒரு வழியும் இல்லை. அப்படி ஒரு வழி வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, அவளையும் சேர்த்துத்தான்.

"எப்படிச் செஞ்சாலும் தொறக்கும் மதினி," என்றாள்.

அமலி கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து தோளில் பையோடு ஓர் ஆள் மணலில் ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. லெயோன் சொன்னதைவிடச் சீக்கிரமே வந்துவிட்டான். அவன் இன்னும் அவர்களைப் பார்க்கவில்லை. நேராக வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"பெறவு எதுக்குட்டி அவர அம்புட்டு அவசரமாப் பொதைச்சோம்?" என்று கேட்டாள் அமலி.

அமலி கத்தியை வள்ளத்தின் பலகைமேல் வைத்துவிட்டு இறங்கி, மகன் போன திசையில் நடந்தாள்.